கண்டிக்குக் கை தூக்கப் போனவர்

என் வீட்டுக்காரர் பெயர் ஆண்டியப்பன். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பார்கள் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில். நான் சொல்கிறேன், என்ன குறைந்துவிடப் போகிறது? அந்தப் பெயரைக் கண்டியில், மாகாண சபை மண்டபத்தில், மைக் போட்டே கூப்பிட்டார்கள், கௌரவ உறுப்பினர் ஆண்டியப்பன் என்று. கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது, அதே மண்டபத்தில் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். தொண்ணூறுகளில் நடந்த சங்கதி.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராகலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கல்லுத்தோட்டத்தில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தவர். தேயிலைச் செடி வெட்டுவதில் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல மாட்டேன், சுமார்தான். ஆனால் மனுஷனுக்கு ஒளித்துப் பேசத் தெரியாது. எதையும் நாலு பேர் முன்னால்தான் பேசுவார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று லயத்து வாசலில் அத்தனை சனமும் கூடியிருக்க, "புள்ள, என்னயப் புடிச்சிருக்கா? புடிச்சிருந்தா எல்லாருக்கும் கேக்குறாப்புல சொல்லு. பின்னாடி கட்டாயப்படுத்திட்டாங்கன்னு பேச்சு வரக் கூடாது" என்றார். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. "புடிச்சிருக்கு, போதுமா!" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினேன். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் சண்டையும் அப்படித்தான். "உள்ள வந்து ஏசுங்களேன், மானம் போவுது" என்பேன். கேட்க மாட்டார், வாசலில் நின்றுதான் ஏசுவார்.

அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. எங்கள் தோட்டமே அப்படித்தான். அதற்குக் காரணம், முன்பு தோட்டத்துத் தொழிலாளர் தலைவராக இருந்த கந்தப்பன். சம்பளம் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் செய்து, அடுப்பில் பூனை படுத்துக் கிடந்த காலத்தில், தோட்டத்தை நடத்துகிற துரை அவரை ஆபீசுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கந்தப்பன் வெளியே வந்து, "நாளைக்கி எல்லாரும் வேலைக்குப் போங்க" என்றார், அவ்வளவுதான். உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அதோடு அவரை இறக்கிவிட்டு, மாரியம்மன் கோயில் முற்றத்தில் சத்தியம் பண்ணினார்கள். இனிமேல் தலைவராக வருகிற எவரும் மூடின கதவுக்குப் பின்னால் யாருக்கும் ஆமாம் போடக் கூடாது. எதுவானாலும் கோயில் முற்றம், கை தூக்கித்தான் முடிவு. அப்படிக் கை தூக்கித்தான் என் வீட்டுக்காரரையும் தலைவராக்கினார்கள்.

இனி ஆற்றுக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான். அதற்கு மேலே படிக்க வேண்டுமானால் ஆற்றைத் தாண்டி ராகலைக்குப் போக வேண்டும். பாலம் என்று ஒன்று கிடையாது, இரண்டு மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் அந்த மரத்துக்கு மேலே ஓடும். தேர்தலுக்கு முந்தின ஐப்பசியில் வீரம்மாவின் மகளை ஆறு கொண்டுபோய்விட்டது. வீரம்மா என்னோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவள். அவள் மகள் எட்டாம் வகுப்புப் படித்த பிள்ளை. அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தவள் என் மகள் தனுஜா. பிடி நழுவிவிட்டது. ஐயோ, அன்றைக்குத் தனுஜா வீட்டுக்கு வந்து நின்ற கோலம்!

"பாலம் இல்லாம அடுத்த மழைக்கு இவள நான் அனுப்ப மாட்டேன். சொல்லிப்புட்டேன்" என்றேன்.

"படிக்கிற புள்ளடி, நிறுத்திப்புடாத. பாலத்துக்கு நான் வழி பண்றேன்" என்றார்.

தோட்டத்துக் கம்பெனிக்காரர்கள் ஆறு தங்கள் எல்லைக்குள் இல்லை என்றார்கள். ஏறி இறங்கின இடமெல்லாம், அது மாகாண சபை பார்க்க வேண்டிய வேலை என்றார்கள். அந்த நேரம் பார்த்து மாகாண சபைத் தேர்தல் வந்தது. தொழிற்சங்கங்களோடு மனம் கசந்து போயிருந்த சில தோட்டத்துச் சனம் சேர்ந்து ஒரு சுயேச்சைக் குழுவைப் போட்டார்கள். கோயில் முற்றத்தில் கை தூக்கி என் வீட்டுக்காரரை நிறுத்தினார்கள். எங்களில் பலருக்கு அப்போது பிரஜாவுரிமை கிடையாது, ஓட்டும் கிடையாது. இருந்தவர்கள் சிந்தாமல் சிதறாமல் போட்டார்கள். அடேயப்பா, மனுஷன் ஜெயித்துவிட்டார்!

ஜெயித்ததைவிட முடிவு வந்த விதம்தான் எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. பெரிய கட்சி இரண்டுக்கும் சரிசமமாக ஆள். நடுவில் இவர் ஒருத்தர் மட்டும். இவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம்தான் முதலமைச்சர் என்று ரேடியோவிலேயே சொன்னார்கள். தோட்டத்தில் யாருக்கும் கால் தரையில் படவில்லை.

முதலமைச்சர் நாற்காலிக்கு நின்றவர்கள் இரண்டு பேர், கட்சிக்கு ஒருவர். ஒருவர் பஸ் முதலாளி. பாதிப் பேருக்கு ஓட்டே இல்லாத தோட்டத்துக்குப் பாலம் எதற்கு என்று ஒரு கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்ட புண்ணியவான். மற்றவர் நுவரெலியாக் கோர்ட்டில் வழக்குப் பேசுகிற சிங்கள லோயர். எங்கள் ஆட்களுக்காகப் பேசிப் பேசித் தமிழ் பழகியவர். வீரம்மா மகள் செத்த வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஆற்றில் இறங்கிப் பார்த்தவர். எங்கள் எல்லாருக்கும் மனசு லோயர் பக்கம்தான். ஆனால் எங்கள் பழைய கங்காணி பொன்னையா கோயில் முற்றத்தில் எழுந்து நின்று ஒரு யோசனை சொன்னார்.

"லோயர் நல்லவருதான், நான் இல்லேங்கல. ஆனா நாற்காலி கெடைக்கிற வரைக்கும் எல்லாரும் நல்லவங்கதான். சபை கூடுற அன்னைக்கி, கை தூக்குறதுக்கு முன்னாடி நம்ம தலைவரு எந்திரிச்சு ரெண்டு பேரையும் கேக்கட்டும். எங்க ஆத்துக்குப் பாலம் கட்டுவீங்களா, மாட்டீங்களா? எவரு அத்தன பேரு முன்னாடி கட்டுறேன்னு சொல்றாரோ அவருக்குக் கையத் தூக்கட்டும். அதுவரைக்கும் எவர்கிட்டயும் வாயத் தொறக்க வேணாம்."

சனம் ஆர்ப்பரித்தது. எனக்கும் அது அருமையான யோசனையாகத்தான் பட்டது. முதலமைச்சரைச் சபையில் கை தூக்கித்தான் தெரிவு செய்கிறார்களா என்று எங்களில் ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. வேறு எப்படிச் செய்வார்கள்? தோட்டத்துத் தலைவரையே அப்படித்தான் போடுகிறோம், மாகாணத்துக்குத் தலைவர் என்றால் கேட்கவா வேண்டும்?

லோயர் இரண்டு தடவை ஆளனுப்பினார். "சபையில சொல்றேங்க" என்று இவர் திருப்பி அனுப்பினார். பஸ் முதலாளியின் ஆள் ஜீப்பில் வந்தான். அவனுக்கும் அதே பதில். அதற்குப் பிறகு தோட்டத்து ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. ஆளுநரின் செயலகத்திலிருந்து பேசுகிறார்களாம். பெரிய கிளாக்கர் ஓட்டமாக ஓடி வந்து இவரைக் கூட்டிக்கொண்டு போனார். துரை எதிரே உட்கார்ந்திருக்க, கிளாக்கர் மரியாதைக்காகக் கதவைச் சாத்தியிருக்கிறார். கந்தப்பனைக் கவிழ்த்த அதே கதவு! போனில் தமிழில்தான் கேட்டிருக்கிறார்கள், நீங்கள் யாரை ஆதரிக்கிறீர்கள் என்று. "சபையில சொல்றேங்க" என்றாராம். மறுபடியும் கேட்டார்களாம். மறுபடியும் அதையே சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

நேரே கோயில் முற்றத்துக்கு வந்து நடந்ததைச் சொன்னார். "தொரைக்கு முன்னாடி, சாத்துன கதவுக்குப் பின்னாடி, கவர்னரே கேட்டும் நான் பேரச் சொல்லல" என்றார். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். ஆம்பளைகள் அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எறக்கி விடுங்கப்பா, இடுப்பு புடிச்சுக்கிட்டா நான்தான் தடவி விடணும்" என்று கேலி பண்ணினேன்.

சபை கூடும் நாள் வந்தது. விடியும் முன்னமே வேன் பிடித்துக் கிளம்பினோம். அவருக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. எனக்குப் புதுச் சேலை. பொன்னையாவும் இன்னும் சிலரும் கூட வந்தார்கள். றம்பொடை மலைப்பாதை வளைவுகளில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவர் அதைக் கவனிக்காமல், சபையில் கேட்கப் போவதையே சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். "இந்தாங்க, கண்டிக்குப் போறதுக்குள்ள தொண்ட கட்டிக்கிரும், சும்மா வாங்க" என்று அதட்டினேன்.

மண்டபத்தில் எங்களை மேல்மாடத்தில் உட்கார வைத்தார்கள். என் பக்கத்தில் சபையின் தமிழ்ப் பிரிவில் வேலை பார்க்கிற இராஜகுமாரி என்கிற யாழ்ப்பாணத்து அம்மா உட்கார்ந்திருந்தார். "உங்கட ஆள் எவர்?" என்று கேட்டார். "அந்தா, நடுவுல, வேட்டி கட்டிக்கிட்டு" என்று காட்டினேன். பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவராக உறுதி எடுத்தார்கள். சபையை நடத்தத் தவிசாளர் என்று ஒருவரைத் தெரிவு செய்தார்கள். போட்டி இல்லை. அடுத்தது முதலமைச்சர்தான் என்று நினைத்து நான் எட்டிப் பார்த்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார் போல. எழுந்து நின்றுவிட்டார்.

"தலைவரவர்களே, முதலமைச்சரத் தெரிவு செய்யிறதுக்கு முன்னாடி, அதுக்கு நிக்கிற ரெண்டு பேரையும் நான் ஒரு கேள்வி கேக்கணும்" என்றார். கணீரென்ற குரல். பின்னாலேயே சிங்களத்தில் மொழிபெயர்த்தார்கள்.

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்துப் பேர் சிரித்தார்கள். தவிசாளர் நல்ல மனுஷன், அவர் சிரிக்கவில்லை. முதல் வரிசையைக் கையால் காட்டினார். "கௌரவ உறுப்பினர் அவர்களே, முதலமைச்சர் இதோ இருக்கிறார். ஆளுநர் அவரை நியமித்து, காலையில் சத்தியப்பிரமாணமும் முடிந்துவிட்டது" என்று மொழிபெயர்ப்பில் வந்தது.

முதல் வரிசையில் பஸ் முதலாளி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மாலை போட்ட தடம்கூட மறையவில்லை. சட்டையில் பூவிதழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் நின்றபடியே நின்றார். உட்காரச் சொன்னார்கள், அவருக்குக் காதில் விழவில்லை. பொன்னையா என் பின்னால் இருந்து, "என்னா சொல்றாங்க, என்னா சொல்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் பக்கத்துச் சீட்டுக்காரர்தான் இவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

நான் இராஜகுமாரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னாங்கம்மா இது? கை தூக்கவே இல்லையே! எங்காளு இன்னும் யாருக்கும் கை தூக்கலையே!"

"முதலமைச்சரைச் சபையிலை வாக்கெடுத்துத் தெரிவு செய்யிறேல்லை அம்மா" என்றார் அவர், மெதுவாக. "அரசியலமைப்பிலை அப்பிடித்தான் கிடக்கு. ஒரு கட்சிக்குப் பாதிக்கு மேலை ஆக்கள் இருந்தால், அந்தக் கட்சியின்ர தலைவரைத்தான் ஆளுநர் நியமிக்க வேணும். அப்பிடி ஒருத்தருக்கும் இல்லாட்டி, சபையிலை பாதிக்கு மேலை ஆக்களின்ர ஆதரவு ஆருக்குக் கிடைக்கும் எண்டு ஆளுநர் கருதுறாரோ, அவரை நியமிப்பார்."

"கருதுறாருன்னா? நாங்க கொட்டுற மழையில நின்னு ஓட்டுப் போட்டது ஒருத்தர் நெனப்புக்கா?" எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

"சும்மா நினைக்கிறேல்லை அம்மா. எந்தப் பக்கம் எத்தினை பேர் எண்டு கேட்டுத்தான் முடிவெடுக்கிறது. ரெண்டு பக்கமும் சமனா இருந்தபடியால் எல்லாரையும் கேட்டவையாம். உங்கட ஆளையும் கேட்டிருப்பினமே?"

எனக்குப் பகீரென்றது. தோட்டத்து ஆபீசு, சாத்தின கதவு, போன். ஐயோ, அதுதானா? அந்தப் போன்தானா சபை? எங்கள் ஆளின் கையை அவர்கள் கேட்டது அந்த அறைக்குள் வைத்தா?

"கேட்டாங்க" என்றேன். "சபையில சொல்றேன்னுட்டாரு."

இராஜகுமாரி அம்மா என் முகத்தையே பார்த்தார். "அப்ப ஒருத்தருக்கும் ஆதரவு இல்லை எண்டெல்லோ எடுத்திருப்பினம்" என்றார். "பஸ்காரரின்ர கட்சிக்கு மாகாணத்திலை மற்றக் கட்சியைவிட வாக்குக் கூட. அதைப் பாத்து அவரை நியமிச்சிருக்கினம் போலை." பிறகு சபையில் பஸ் முதலாளியைத் தோற்கடிக்க முடியாதா என்று கேட்டேன். முடியும்தானாம். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த ஆளின் பக்கம்தான் சனம் சாயும் என்று கீழே காட்டினார். லோயர் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் அப்போதே பஸ் முதலாளிக்குக் குனிந்து கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது வராந்தாவில் லோயர் நின்றிருந்தார். முகம் கறுத்துப் போயிருந்தது. இவரைக் கண்டதும் நேரே வந்தார்.

"ஆண்டியப்பன், நான் ஒங்களுக்கு என்ன கொற செஞ்சது? ரெண்டு தடவ ஆள் அனுப்பினது. ஒரு வார்த்த சொல்லல்லையே."

"மாத்தயா, ஒங்களுக்குத்தான் கை தூக்க வந்தேன்" என்றார் இவர்.

"எனக்கா?"

"சபையில எந்திரிச்சு, பாலம் கட்டுறேன்னு ஒரு வார்த்த நீங்க சொல்லணும்னு இருந்தோம். சொல்லியிருப்பீங்க. நான் தூக்கியிருப்பேன்."

லோயர் இவரை மேலும் கீழும் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "அடே ஆண்டியப்பன், அத நான் கவர்னர் வூட்டு வாசல்ல நின்னு கத்திச் சொல்லியிருப்பேனே! பேப்பர்ல போடச் சொல்லியிருப்பேனே! கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். அதற்கு மேல் நிற்காமல் காருக்குப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது வேனில் பொன்னையா தலையில் அடித்துக்கொண்டே வந்தார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. ஆளுநர்மேல் கோபப்பட்டேன். அவர் முறைப்படிதானே கேட்டிருக்கிறார். துரைமேல் கோபப்பட்டேன். அவர் போனைத்தானே கொடுத்தார். இந்த மனுஷன்மேல் கோபப்பட்டால், அவர் ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

கோயில் முற்றத்தில் சனம் மாலையோடு நின்றது. அவர் வேனைவிட்டு இறங்கி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். முதலமைச்சரை எப்படிப் போடுகிறார்கள் என்பது, போனில் கேட்டது எதற்கு என்பது, லோயர் வராந்தாவில் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னார். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் கூச்சல் கிளம்பியது.

"போன்ல கேட்டப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?" என்று ஒருத்தன் கத்தினான். "கைக்கு எட்டுனத வாய்க்கு எட்டாமப் பண்ணிட்டாரே!" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தன், "பஸ்காரன்கிட்ட என்ன வாங்குனாரோ?" என்றான். அடப்பாவி! நான் அவன்மேல் பாய்ந்திருப்பேன். அதற்குள் வீரம்மா முன்னால் வந்துவிட்டாள்.

"அவர ஏன்டா ஏசுறீங்க?" என்றாள். அழுகை இல்லாத குரல். "சாத்துன கதவுக்குள்ள பேரச் சொல்லலன்னு இதே எடத்துல வந்து சொன்னாரு. அன்னைக்கி அவரத் தோள்ல தூக்குனது யாரு? நாமதான கை தட்டுனோம்? நானும் தட்டுனேன். எம்மகளக் கொண்டுபோன ஆத்துச் சத்தம் காதுல கேக்கக் கேக்க நின்னு தட்டுனேன்." அவள் மாலையை என் கையில் கொடுத்துவிட்டுத் தன் லயத்துக்குப் போய்விட்டாள். கூட்டமும் ஒவ்வொருவராகக் கலைந்தது.

பதவிக்காலம் முழுவதும் என் வீட்டுக்காரர் சபைக்குப் போனார். ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து பாலத்தைக் கேட்டார். கவனிக்கப்படும் என்றார்கள். சபை கூடின முதல் வருஷமே ஐப்பசி மழை வழக்கத்தைவிடச் சீக்கிரமாகப் பிடித்துக்கொண்டது. தனுஜா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, புத்தகப் பையோடு வாசலுக்கு வந்தாள். பத்தாம் வகுப்பு. ஆறு இரைகிற சத்தம் லயம் வரைக்கும் கேட்டது. நான் அவள் தோளிலிருந்து பையைக் கழற்றி எடுத்தேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். எதையும் வாசலில் நின்றே பேசுகிற மனுஷன் அன்றைக்கு உள்ளே போய்விட்டார். அடுத்த வாரமே தனுஜா என்னோடு காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்கு வந்து, பெயர் கொடுத்துவிட்டு, கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டாள்.